மைக்கில் அச்சடித்த பணம்

ரூபாய் நோட்டு என்பது ஒரு பொய் என்று ஏற்காடு பஜாரில் டீ குடித்துக்கொண்டே நிரூபித்துக் காட்டுவது பல வருடங்களாக எனக்குப் பொழுதுபோக்கு. நிரூபித்து முடித்ததும் சட்டைப்பையிலிருந்து அதே பொய்யில் ஒன்றை எடுத்து நீட்டுவேன். கடைக்காரர் மீதிக்குச் சில்லறைப் பொய்கள் கொடுப்பார். இரண்டு பேருக்கும் வெட்கமே இருக்காது.

எனக்கு எதிர்க்கட்சி, பேங்கில் கேஷியராக இருந்து ரிட்டையரான ஓர் அண்ணன். எங்கள் சர்ச்சுக்கு வருகிறவர், பண்டிகைக் கணக்கெல்லாம் அவர் பொறுப்பு. நான் எஸ்டேட்டில் ரைட்டராக இருந்தவன். யார் வேலைக்கு வந்தார்கள் என்று பதிந்து, சனிக்கிழமை கூலி கொடுப்பது என் வேலை. அதாவது அவரும் நானும் ஆயுள் முழுக்க அடுத்தவர் பணத்தைத் தொட்டுத் தொட்டுக் கொடுத்தவர்கள். அதனால் பணத்தைப் பற்றிப் பேச எங்களுக்கு முழுத் தகுதி இருப்பதாக இரண்டு பேருமே நம்பினோம்.

“இந்த நோட்டுல என்ன எழுதியிருக்குதுங்கண்ணா? இத்தன ரூவா தர்றேன்னு ஒருத்தர் கையெழுத்துப் போட்டு வாக்குக் குடுக்கறாரு. அவருகிட்டயே போயி இத நீட்டினா என்ன தருவாரு?”

“வேறொரு நோட்டு தருவாரு.”

“அதையும் நீட்டினா?”

“செக்யூரிட்டியக் கூப்புட்டு உன்ன வெளிய தள்ளுவாரு. டீயக் குடி தம்பி, ஆறுது.”

என் வெறுப்புக்குக் காரணம் இருந்தது. எஸ்டேட்டை விட்டபோது கிடைத்த பணத்தில் இரண்டு ரூம் வைத்து வீடு கட்டலாம் என்று பேங்கில் போட்டேன். ஜன்னல் எந்தப் பக்கம் வைப்பது என்று நானும் என் மனைவியும் சண்டை போட்டு முடிப்பதற்குள் சிமெண்டும் கம்பியும் ஏறின விலையில், வீடு சுருங்கி ஒரு ரூமாகி, அதுவும் சுருங்கி பாத்ரூமாகி நின்றது. பணத்தை யாரும் திருடவில்லை. பாஸ்புக்கில் அதே எண், பக்கத்தில் கொஞ்சம் வட்டிகூட. ஆனால் பொருள் போய்விட்டது. அந்த வட்டிக்கும் வரி பிடித்தார்கள். பிடித்ததைத் திரும்ப வாங்க ஓர் ஆடிட்டரைப் பிடித்தேன். அவர் தன் ஃபீஸுக்கும் வரி சேர்த்துப் பில் கொடுத்தார். அதற்கப்புறம் யாரையும் பிடிக்கவில்லை.

அன்றைக்கே முடிவெடுத்தேன். பேங்கிலிருந்ததை முழுக்க எடுத்து மிளகு வாங்கினேன். எங்கள் மலையில் நன்றாகக் காய்ந்த மிளகு வருடக்கணக்கில் கெடாது. என் வீட்டுச் சுவர் பனிமூட்டத்தில் வியர்க்கிற சுவர் என்பதால் மூட்டைகளை எங்கள் காப்பி, மிளகு வியாபாரியின் குடோனிலேயே விட்டுவைத்தேன். “நோட்ட எவன் வேணா அச்சடிக்கலாம். மொளக அச்சடிக்க முடியுமா?” என்று பஜார் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஒரு டீக்கடைப் பொருளாதார நிபுணனுக்கு இதைவிடப் பெரிய சந்தோஷம் கிடையாது.

என் மனைவி மட்டும் கேட்டாள்: “ஏனுங்க, நாளைக்கு ஆத்திரம் அவசரம்னா பஸ் கண்டக்டர்கிட்ட மொளகயா குடுப்பீங்க?”

அந்த ஆத்திர அவசரம் அவள் தம்பியின் உருவத்தில் வந்தது.

என் மச்சினன் மரம் ஏறுவதில் கெட்டிக்காரன். காப்பித் தோட்டத்துக்கு நிழலாக நிற்கும் சில்வர் ஓக் மரங்களில்தான் மிளகுக்கொடி ஏற்றியிருப்போம். ஒற்றை மூங்கிலில் கணுவுக்குக் கணு கால் வைத்து உச்சி வரை போய்ப் பறிப்பான். அந்த வருடம் கூலிக்கு ஏறாமல், கடன் வாங்கி, தலைச்சோலைப் பக்கம் சில மரங்களின் மிளகைத் தானே குத்தகைக்கு எடுத்திருந்தான். காலைப் பனியில் மூங்கில் வழுக்கி விழுந்தான். இடுப்பில் வந்து சேருகிற இடத்தில் தொடையெலும்பு முறிந்தது.

சேலத்தில் அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். காலில் எடை கட்டித் தொங்கவிட்டு, ஆபரேஷனுக்கு வரிசையில் பெயர் எழுதினார்கள். அவனுக்கு முன்னால் லாரியில் அடிபட்டவர்களும் பைக்கில் போனவர்களுமாக ஒரு வார்டே கிடந்தது. “முறை வரும்ங்க, நாங்களும் மனுசங்கதானுங்க” என்றார் தூக்கமில்லாத ஒரு சின்ன டாக்டர். பொய்யில்லை, அவர் கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது. ஆனால் எக்ஸ்ரே படத்தை எடுத்துக்கொண்டு போய் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் காட்டினோம். அங்கே இருந்த டாக்டர், மூட்டுக்கு ரத்தம் போவது குறைந்துகொண்டே வரும், இந்த வாரத்துக்குள் திருகு போட்டு நிறுத்தினால் காலை நேராக ஊன்றி நடக்கலாம், தள்ளிப்போட்டால் உறுதி சொல்ல முடியாது என்றார். காப்பீட்டு அட்டை ஒரு பங்குதான் தாங்கும் என்றும், மீதி எவ்வளவு என்றும் கீழே கவுண்டரில் சொன்னார்கள். அந்த எண்ணைக் கேட்டதும் என் மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டாள். நான் ஏதாவது ஜோக் சொல்லலாமா என்று தேடினேன். ஒன்றும் கிடைக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் சர்ச்சில் அறுப்பின் பண்டிகை. காப்பிப் பழம் பறித்து முடிந்ததும் வைப்போம். அவரவர் நிலத்தில் விளைந்ததையும் வீட்டில் வளர்ந்ததையும் கொண்டுவந்து படைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் அதெல்லாம் ஏலத்துக்கு வரும். ஏலம் விடுகிறவன் நான்தான். எனக்குக் கூச்சமில்லாத வாய் என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை.

இந்த ஏலத்தை வெளியூர்க்காரர்கள் பார்த்தால் எங்களுக்குப் பைத்தியம் என்று நினைப்பார்கள். எலுமிச்சம்பழம் கோழி விலைக்குப் போகும், கோழி ஆட்டு விலைக்குப் போகும். எடுத்தவர் பொருளைத் தூக்கிக்கொண்டு போகமாட்டார், “மறுக்கா கூவுங்க” என்று மேஜைக்கே திருப்பிக் கொடுப்பார். அவர் சொன்ன தொகை அவர் பெயரில் அப்படியே நிற்க, அதே பொருளை மறுபடி விற்பேன். கேட்ட தொகையை அங்கேயே கட்ட வேண்டும் என்பதும் கிடையாது. காப்பிப் பணம், மிளகுப் பணம் வந்ததும், அடுத்த பண்டிகைக்குள் கட்டினால் போதும். கட்டாதவர் என்று எங்கள் சர்ச்சில் ஒருவர்கூட இருந்ததில்லை. ஓடு மாற்றினோம், சுவருக்குப் பெயிண்ட் அடித்தோம். ஓட்டுக்கும் சுவருக்கும் அவசரம் கிடையாது.

“இந்த வருசத்து ஏலம் முழுக்கத் தம்பியோட காலுக்கு” என்று போதகர் அறிவித்தார்.

அன்றைக்குப் போல நான் எந்த நாளும் கூவியதில்லை. என் மனைவி கொண்டுவந்த அரசாணிக்காய் ஒன்று, வெளியூரில் பரங்கிக்காய் என்பார்கள், மேஜையில் இருந்தது. மஞ்சள் பாய்ந்து, ஓர் ஆள் கட்டிப்பிடித்துத் தூக்குகிற அளவு.

“பாருங்க சாமி, இது சாதாரணக் காயில்ல. எங்கூட்டு அம்மிணி என்னப் பாத்துக்கிட்டதவிட இத நல்லாப் பாத்துக்கிட்டா!”

“அதனாலதான் அது உருண்டையா இருக்குது, நீங்க இப்படி இருக்கறீங்க!” என்று பெண்கள் பக்கமிருந்து ஒரு குரல். சிரிப்பு.

எங்கள் வியாபாரி கோயில் குளம் போகிற இந்து, ஆனாலும் எங்கள் ஏலத்துக்குத் தவறாமல் வருவார். அவர்தான் முதல் தொகையைச் சொன்னார். பெரிய தொகை. “மூணுதரம்” சொல்வதற்குள் வாழவந்தி கிராமத்து ஆள் ஒருவர் அதற்கு மேல் கேட்டார். காய் விற்றது, மேஜைக்குத் திரும்பியது, மறுபடி விற்றது. என் கையில் மைக் சூடாகிவிட்டது. ஒரு காயிலிருந்து இத்தனை பணம் வருமா என்று எனக்கே மலைப்பு. வாயைத் திறந்தால் பணம், மூடினால் நின்றுவிடும் என்பதுபோல ஒரு வெறி.

அப்போது என் மனைவி ஓடிவந்து போனை என் காதில் வைத்தாள். ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து மச்சினன். போனை மைக்கில் வைத்தேன்.

“மாமா, நானும் கேக்கறேன்!”

“டேய் மாப்ளே, ஏலமே உனக்குத்தான்டா!”

“அதெப்படீங் மாமா, எல்லாரும் கேக்கறாங்க, நான் மட்டும் சும்மா படுத்துக்கறதா? காய எனக்கு வுடுங்க. திருப்பித் தரமாட்டேன், அக்கா ஊட்டுல வெக்கட்டும். வந்து நானே வெட்டறேன்.”

அவன் சொன்னது சின்னத் தொகை. அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை. மூணுதரம் சொன்னபோது பாதிப் பேர் சிரித்தார்கள், பாதிப் பேர் கண்ணைத் துடைத்தார்கள். அடுத்த நிமிடமே சர்ச் கணக்குக்கு அவனுடைய பணம் வந்து விழுந்த சத்தம் கேஷியர் அண்ணனின் போனில் கேட்டது.

அண்ணன் கூட்டிப் பார்த்து மொத்தத்தைச் சொன்னார். கவுண்டரில் கேட்ட எண்ணைவிடக் கூடவே இருந்தது. போதகர் ஜெபம் செய்தார். என் மனைவி தரையில் உட்கார்ந்து அழுதாள். அப்போதே மச்சினனைத் தனியார் ஆஸ்பத்திரிக்கு மாற்றிவிடலாம் என்று எல்லோரும் சொன்னோம். அண்ணன் மட்டும் என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

“தம்பி, இது வாயில சொன்ன பணம். கையில இருக்கறது உன் மச்சினன் போட்டதும் கொஞ்சம் காணிக்கையும்தான்.”

“நோட்டும் வாயில சொன்னதுதானேங்கண்ணா? நம்ம சனம் சொன்னா சர்க்கார் சொன்னதவிட கெட்டி!”

அவர் கணக்கு நோட்டை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். விவாதத்தில் அவரை நான் ஜெயித்தது அந்த ஒருமுறைதான்.

சாயந்தரமே அரசு ஆஸ்பத்திரி வரிசையில் இருந்த பெயரை எடுத்துவிட்டு, அவனைத் தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். முன்பணத்துக்கு அவகாசம் கேட்டேன். இரண்டு நாள் கொடுத்தார்கள்.

மறுநாள் காலை முதல் ஆளாக வியாபாரியிடம் போனேன். என் மிளகையும் விற்றுவிடலாம், அவருடைய ஏலப் பணத்தையும் வாங்கிவிடலாம் என்று கணக்கு. அவர் குடோன் வாசலில் போனைப் பார்த்தபடி நின்றிருந்தார். முகத்தில் ரத்தமில்லை.

“வரி ஆபீஸ்காரங்க என்ற பேங்க் கணக்கப் பூட்டிப்போட்டாங்க” என்றார். “கீழ ஒரு ஆள்கிட்டச் சரக்கு வாங்கினேன். வரியோட சேத்துத்தான் காசு குடுத்தேன். அவன் அந்த வரிய சர்க்காருக்குக் கட்டல. இப்ப அவன் ஆளக் காணோம், அதனால என்னப் புடிச்சிட்டாங்க. நான் கட்டின வரிய நானே மறுக்கா கட்டோணுமாமா.”

“எப்பத் தொறப்பாங்க?”

“எழுதிப் போடச் சொல்லியிருக்கறாங்க.”

பின்னால் என் மிளகு மூட்டை மூட்டையாக, கமகமவென்று, கெடாமல் அடுக்கியிருந்தது. வாங்குகிறவரிடம் நோட்டில்லை, சேலத்து மண்டிக்குப் போன் போட்டால் சரக்குக்குப் பணம் அடுத்த மாதம்தான் என்றார்கள். அச்சடிக்க முடியாத பொருளை வாங்க அச்சடித்த காகிதம்தான் வேண்டும் என்பது அப்போதுதான் என் மண்டையில் ஏறியது.

மலை முழுக்க அவரிடம்தான் காப்பியும் மிளகும் போட்டிருந்தது. ஏலத்தில் கேட்ட ஒவ்வொருவரும் அவரிடமிருந்து வரவேண்டிய பணத்தை நம்பித்தான் கேட்டிருந்தார்கள். ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வாழவந்தி, தலைச்சோலை என்று அலைந்தேன். ஒரு வீட்டிலும் முகம் சுளிக்கவில்லை. உட்காரவைத்துக் காப்பி கொடுத்தார்கள். அரசாணிக்காய்க்குப் போட்டி போட்ட வாழவந்திக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“யேவாரி குடுத்த ஒடனே மொத வேல உங்களுதுதானுங்க. நான் ஏமாத்தறவன் இல்லீங்க.”

“தெரியும்ங்க.”

“தம்பிக்கு எப்படியிருக்குது? நொம்ப வலியாமா?”

கையில் இருந்ததைத் தந்தார்கள், கொஞ்சம்தான். அது போதாது என்று அவர்களுக்கே தெரிந்ததால் மேலே ஏதாவது சேர்த்தார்கள். திரும்பும்போது ஸ்கூட்டரில் ஒரு வாழைத்தார், ஒரு பை ஆரஞ்சு, காலைக் கட்டிய இரண்டு கோழிகள். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் கோழிகள் என்னைத் திட்டிக்கொண்டே வந்தன.

என் மனைவி கழுத்துச் சங்கிலியைக் கழற்றி வைத்திருந்தாள். “இதாச்சும் நெசமாங்க, இல்ல இதுவும் பொய்யா?” என்று கேட்டாள். கிண்டலாகக் கேட்கவில்லை. அதை அடகு வைத்துக் கிடைத்தது ஸ்கேனுக்கும் ரூமுக்கும் மருந்துக்கும் சரியாய்ப் போனது. பில்லில் ரூமுக்குக் கீழே வரி, மருந்துக்குக் கீழே வரி. கவுண்டரில் இருந்த பெண் கெட்டவள் இல்லை.

“அங்கிள், கேஷ், கார்டு, போன். ஏதாச்சும் ஒண்ணு. முன்பணம் கட்டினாத்தான் தியேட்டர்ல டைம் தருவாங்க.”

“எங்க ஊர்ல எல்லாரும் தர்றேன்னு சொல்லியிருக்கறாங்கம்மா. எழுதியே இருக்குது.”

அவள் என்னைப் பார்த்த பார்வையில், நோட்டை நீட்டி “என்ன தருவீங்க?” என்று கேட்கிறவனை அதில் கையெழுத்துப் போட்டவரின் பேங்க் வாசலில் எப்படிப் பார்ப்பார்கள் என்று தெரிந்தது.

கேஷியர் அண்ணன் தன் பென்ஷனில் மிச்சமிருந்ததை எடுத்துக்கொண்டு பஸ் ஏறி வந்திருந்தார். எல்லாவற்றையும் சேர்த்தும் பாதிக்கு வரவில்லை. வராண்டா பெஞ்சில் உட்கார்ந்தோம்.

“ஒரு பேங்க்ல போட்டவங்க எல்லாரும் ஒரே நாள்ல பணம் கேட்டு வந்து நின்னா, எந்தப் பேங்க்னாலும் படுத்துரும் தம்பி. பெட்டியில அத்தன இருக்காது. அப்ப மேல இருக்கற பெரிய பேங்க் கை குடுக்கும். அச்சடிச்சாச்சும் குடுக்கும். நீ தெனம் திட்டுவியே, அது.”

“நம்ம ஏலத்துக்கு மேல யாருங்கண்ணா?”

அவர் நிமிர்ந்து பார்த்தார். மேலே ஒரு ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது.

இவ்வளவு வருடம் திட்டியும் எனக்கு எட்டாத ஒன்று அங்கே எட்டியது. பேங்க் விழுந்தால் தாங்கிப் பிடிக்க ஆள் வைத்திருக்கிறார்கள். மரத்திலிருந்து விழுந்தவனுக்கு வைக்கவில்லை. அண்ணனிடம் இதைச் சொன்னேன். அவர் எழுந்து போய் எனக்கு ஒரு டீ வாங்கிவந்தார்.

அவகாசம் முடிந்தது. ரூமைக் காலி செய்து, மச்சினனை மறுபடி அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். யாரும் திட்டவில்லை. சேர்த்துக்கொண்டார்கள். வரிசையின் கடைசியில் பெயர் எழுதினார்கள், அதுதானே நியாயம். மாற்றாமல் விட்டிருந்தால் அந்த வாரத்திலேயே அவன் முறை வந்திருக்கும் என்று பக்கத்துக் கட்டில்காரர் சொன்னார். நல்ல மனுசன், தெரியாமல்தான் சொன்னார்.

முறை வந்தபோது அந்தத் தூக்கமில்லாத டாக்டர் தன்னால் ஆனதைச் செய்தார். கால் குட்டையாகிவிட்டது. கைத்தடி ஊன்றி, ஒவ்வொரு அடிக்கும் இடுப்பை வீசி நடக்கிறான். ஒற்றை மூங்கிலைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான்.

பிறகு பணம் வந்தது. மழைக்காலத்துக்கு முன்னால் வியாபாரியின் கணக்கைத் திறந்துவிட்டார்கள். அவர் எல்லோருக்கும் கொடுத்தார், எல்லோரும் சர்ச்சுக்குக் கட்டினார்கள். அடுத்த பண்டிகைக்குள், வழக்கப்படி, ஒரு ரூபாய் பாக்கியில்லாமல். வாழவந்திக்காரர் தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டுக் கூடவே போட்டுக் கொடுத்தார். யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை. ஒருவனாவது ஏமாற்றியிருந்தால் அவனைத் திட்டிக்கொண்டாவது தூங்கலாம்.

அந்தப் பணத்தோடு மறுபடி தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனோம். இனி மூட்டையே மாற்ற வேண்டும் என்றார்கள், எண்ணும் ஏறியிருந்தது. நேராகுமா என்பதற்கு உறுதி இல்லை. மச்சினன் வேண்டாம் என்றுவிட்டான். பணம் அவனுடைய குத்தகைக் கடனுக்கும் அதன் வட்டிக்கும், அக்காளின் சங்கிலியை மீட்கவும் போனது.

அரசாணிக்காய் அத்தனை மாதமும் எங்கள் வீட்டு மூலையில் இருந்தது. வெட்டலாமா என்று அக்கா கேட்கும்போதெல்லாம், “இரு, நான் வெட்டறேன்னு சொன்னனில்ல” என்பான். ஒருநாள் அவள் அதை நகர்த்தக் கைவைத்தபோது விரல் உள்ளே போய்விட்டது.

இந்த வருடப் பண்டிகைக்கும் மைக்கை என் கையில் கொடுத்தார்கள். என் மனைவி ஒரு புதுக் காய் கொண்டுவந்து வைத்திருந்தாள். மச்சினன் முன்வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலியில், கைத்தடியை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தான்.

“பாருங்க சாமி, இது சாதாரணக் காயில்ல…” என்று ஆரம்பித்தேன். பெண்கள் பக்கமிருந்து குரல் வரவில்லை. கூட்டம் குனிந்து கையிலும் பையிலும் எதையோ தடவிக்கொண்டிருந்தது. வியாபாரி எழுந்து சட்டைப்பையிலிருந்து எடுத்துப் பார்த்து, அதில் இருந்ததை மட்டும் சொன்னார். வாழவந்திக்காரர் தன் கையில் இருந்ததைச் சொன்னார். எடுத்தவர் எவரும் பொருளை மேஜைக்குத் திருப்பவில்லை. துண்டில் முடிந்துகொண்டார்கள்.

மச்சினன் ஒரு நோட்டை மடித்து விரலிடுக்கில் உயர்த்திக் காட்டினான்.

“கையில இருக்கறது இவ்வளவுதானுங் மாமா. இதுக்கு மேல வாயில சொல்லமாட்டேன். கூவுங்க.”

ஒருதரம் என்றேன். ரெண்டுதரம் என்றேன். யாராவது மேலே கேட்பார்களா என்று பார்த்தேன். அரசாணிக்காய் சந்தை விலைக்குப் போனது.

கேஷியர் அண்ணன் நோட்டுகளை எண்ணி முடித்து ரப்பர் பேண்டு போட்டார். “பைசா பாக்கியில்ல தம்பி. இத்தன வருசத்துல இன்னிக்குத்தான் கணக்கு அன்னிக்கே முடிஞ்சிருக்குது” என்றார். சொல்லிவிட்டு மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கட்டு, ஒரு ஜன்னலுக்குப் பெயிண்ட் அடிக்கக் காணாது.

மச்சினனுக்கு ஒரு கை தடிக்கு வேண்டும், காயைத் தூக்க முடியாது. நான் கட்டித் தூக்கிக்கொண்டேன். வீடு வரை அவன் எனக்குப் பின்னால் வந்தான். அவனுக்காக நின்று நின்று நடந்தேன். காய் கனக்கிறதா என்று ஒருமுறை கேட்டான். உன் அக்காளைவிடக் கம்மிதான் என்றேன். அவன் சிரிக்கிறானா என்று திரும்பிப் பார்க்கக் காய் விடவில்லை. தடிச்சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது.